சாப்பாட்டுப் படி 250 ரூபாய்

சித்திரை, வைகாசி மாதங்களில் அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைக்காய் கொட்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்கும் அதே காய், அப்போது உள்ளூர்க் கமிஷன் கடையில் ஐந்துக்கும் ஆறுக்கும் இழுபடும். பறிகூலி கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பறிக்காமல் விட்டால் மரம் கெட்டுவிடும்.

அப்படி ஒரு கோடையில், ஒரே ஊரைச் சேர்ந்த ஏழு விவசாயிகள் கூடிப் பேசி, ஈச்சர் வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, காயை நேராகச் சென்னை கோயம்பேட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தார்கள். வாரம் இரண்டு லோடு. ஒவ்வொரு லோடுக்கும் ஒருவர் முறை வைத்து வண்டியோடு போக வேண்டும். மண்டியில் கூடவே நின்று, எடை பார்த்து, விலை பேசி, சீட்டு வாங்கி வருவது அவர் பொறுப்பு. வண்டி வாடகை, கட்டுக்கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி, சுங்கம், கமிஷன் என்று எல்லாவற்றுக்கும் நோட்டில் ஒரு வரி இருந்தது. கூடப் போகிறவர் சாப்பாட்டுக்கு மட்டும் வரி இல்லை. யாரும் வேண்டுமென்று விட்டதில்லை. அது யாருக்கும் தோன்றவே இல்லை.

நான்காவது லோடுக்குப் போனவருக்கு ஐம்பத்தைந்து வயது. இரண்டு ஏக்கரில் பி.கே.எம்.-1 செடிமுருங்கை வைத்திருக்கிறார். அன்று விடியற்காலை பறிப்பு. காலை ஒன்பது மணிக்கு ஒரு சொம்பு கம்பங்கூழ் குடித்தார். அதன்பிறகு காயைத் தரம் பிரிப்பது, கட்டுக் கட்டுவது, ஈரச்சாக்கு சுற்றுவது, ஏழு வீட்டுக் காயையும் ஏற்றுவது என்று மணி இரண்டரை ஆகிவிட்டது. வீட்டில் சோறு ஆக்கி வைத்திருந்தார்கள். “போற வழியில பாத்துக்கலாம்” என்று வண்டியில் ஏறிவிட்டார். மண்டிக்கு ராத்திரி ஒன்றரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும், அதற்குமேல் போனால் நல்ல வியாபாரிகள் வாங்கி முடித்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

கரூர், குளித்தலை, திருச்சி என்று ஒவ்வொரு ஊராக வந்தது, போனது. குளித்தலையில் நிறுத்தச் சொல்லலாம் என்று நினைத்தார், நேரம் போய்விடுமே என்று விட்டார். திருச்சியில் நெரிசல். பெரம்பலூர் தாண்டும்போது பசி அடங்கி, தலைவலி ஆரம்பித்தது. நடுவில் இரண்டு டீ மட்டும் குடித்திருந்தார். டிரைவர் ராத்திரி ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பளீரென்று விளக்குப் போட்ட ஒரு கடையில் வண்டியை நிறுத்தினார். எப்போதும் அங்கேதான் நிறுத்துவாராம்.

கடையில் விலைப்பலகை கிடையாது. என்ன இருக்கிறது என்று கேட்டதற்குப் பன்னிரண்டு பதார்த்தத்தின் பெயரை ஒரே மூச்சில் சொன்னார்கள். அவர் மூன்று பரோட்டா வாங்கிக்கொண்டார். சால்னா வெதுவெதுப்பாக இருந்தது. சட்னியில் லேசான புளிப்பு. வேண்டாம் என்று வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் கேட்டு வாங்கியாகிவிட்டது, காசு கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்கிற காசுக்குச் சாப்பிடாமல் எப்படி எழுந்திருப்பது? விவசாயியின் மனசு அப்படித்தான் வேலை செய்யும். முழுதும் சாப்பிட்டார். பில் 160 ரூபாய் வந்தது. டிரைவருக்குப் பில் வரவில்லை.

செங்கல்பட்டு வரும்போதே வயிற்றைப் புரட்டியது. ஒன்றேகால் மணிக்கு வண்டி மார்க்கெட்டுக்குள் நுழைந்தபோது அவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

கோயம்பேடு மார்க்கெட் 1996-இல் தொடங்கியது. அதற்கு முன் சென்னையின் காய்கறி வியாபாரமெல்லாம் கொத்தவால்சாவடியின் நெருக்கடியான சந்துகளில் நடந்துவந்தது. இப்போதைய மார்க்கெட்டில் நள்ளிரவுதான் உச்சிவேளை. லாரி லாரியாகச் சரக்கு இறங்கும். இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் அன்றைய விலை ஒரு நிலைக்கு வந்துவிடும். அந்த இரண்டு மணி நேரம் சரக்கோடு வந்தவர் விழிப்பாக, காலில் நிற்க வேண்டும். பக்கத்துக் கடையில் என்ன விலை போகிறது என்று ஒரு நடை பார்த்துவிட்டு வர வேண்டும். முதலில் கேட்ட விலைக்கு முகத்தைச் சுளிக்கத் தெரிய வேண்டும்.

அவரோ கட்டணக் கழிப்பிடத்துக்கும் மண்டிக்கும் நான்கு நடை நடந்தார். வாந்தியும் எடுத்தார். லோடுமேன் ஒருவர்தான் முகம் கழுவத் தண்ணீர் ஊற்றி, ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்தார். மண்டிக்காரர் வந்து, “ஒன்பது ரூபா போகுதுங்க, போடட்டுமா?” என்று கேட்டார். “போடுங்க” என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மூன்று டன் காய். அதே ராத்திரி, அதே மாதிரிக் காயைப் பக்கத்து ஊர்க்காரர் இரண்டு கடை தள்ளிப் பதின்மூன்றுக்குப் போட்டிருந்தார். கிலோவுக்கு நான்கு ரூபாய் வித்தியாசம். மூன்று டன்னுக்கு 12,000 ரூபாய். ஏழாகப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரத்து எழுநூறு சொச்சம்.

டிரைவருக்கு ரிட்டன் லோடு சாயங்காலம்தான். அதனால் அவர் விடியற்காலை கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறினார். வழியில் பஸ் ஒரு மோட்டலில் நின்றது. கொஞ்சம் தயிர்சாதம் கிடைத்தால் தேவலை என்று இறங்கிக் கேட்டார். இல்லை என்றார்கள். சாம்பார் இட்லி மட்டும்தான், தட்டு 90 ரூபாய். சாம்பாரில் விரல் நீளத்துக்கு இரண்டு முருங்கைக்காய்த் துண்டு மிதந்தது. தொண்ணூறு ரூபாய்க்கு அவர் அன்று பத்துக் கிலோ காய் விற்றிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஊரில் சீட்டைக் காட்டியபோது யாரும் சத்தம் போடவில்லை. “கூட நின்னு பாக்கலீங்களா பங்காளி?” என்று ஒருவர் மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வி அவரை இரண்டு நாள் தோட்டத்துப் பக்கமே முடக்கிப் போட்டது. வயிறு சரியில்லை என்று சொன்னால் சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடுமே என்று அதையும் சொல்லவில்லை. அவர் மனைவிதான் நோட்டை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

“ஏனுங்க, வண்டிக்கு டீசல் போட்டிருக்குது. காய்க்கு ஈரச்சாக்கு போட்டிருக்குது. கூடப் போன ஆளுக்கு என்ன போட்டீங்க?”

அவரிடம் பதில் இல்லை.

“காலைல ஒம்பது மணிக்குக் குடிச்ச கூழு. ராத்திரி ஒம்பது மணிக்கு, கண்ட கடையில கண்டதைத் தின்னுட்டு வந்திருக்கறீங்க. மாட்டைச் சந்தைக்கு ஓட்டினாக்கூட வழியில தண்ணி காட்டுவோமுங்க.”

இந்தப் பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போனது. அவர் போய்ச் சொல்லவில்லை. அவர் மனைவி மற்ற வீட்டுப் பெண்களிடம் சொல்ல, அவர்கள் வழியாக ஏழு வீட்டுக்கும் போனது. விசாரித்தபோது, முதல் மூன்று லோடுக்குப் போனவர்களும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது வெளியே வந்தது. ஒருவர் பொரியும் வாழைப்பழமுமாகப் போய் வந்திருக்கிறார். பொதுக்காசில் சாப்பிட்டதாகப் பேர் வந்துவிடக்கூடாது என்று இன்னொருவர் பையில் காசு இருந்தும் பட்டினியாகவே இருந்திருக்கிறார். அவர் சர்க்கரை நோய்க்காரர் வேறு. மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார்! இது மிகவும் ஆபத்தான காரியம். இன்சுலின் போடுகிறவர்களும், சில வகை மாத்திரை எடுப்பவர்களும் மருந்தை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். பயணத்தில் மருந்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும், சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ வைத்துக்கொள்வதும் அவர்களுக்கு டிக்கெட் எடுப்பதைவிட முக்கியம்.

அன்று நோட்டில் இரண்டு வரி கூடியது. கூடப் போகிறவருக்குச் சாப்பாட்டுப் படி 250 ரூபாய். டிரைவருக்கு 100 ரூபாய். இந்த இரண்டாவது வரி எதற்கு என்று இரண்டு பேர் முனகினார்கள். அதற்கான காரணத்தை டிரைவரே வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தார்.

“அந்தக் கடையில நிறுத்துனா எனக்குச் சாப்பாடு சும்மாங்ணா. அதான் அங்க நிறுத்தறேன். எங் கையில காசிருந்தா நான் அங்க திங்கவே மாட்டேன்.”

“அப்ப எங்க திம்பே?”

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால், நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் சாலையில் ஒரு இட்லிக்கடை. கணவன் மனைவி இரண்டு பேர் நடத்துவது. சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பு மூட்டி, மாவு தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். அங்கேதான் சாப்பிடுவேன் என்றார் டிரைவர். நெடுஞ்சாலையிலிருந்து ஐந்து நிமிடம்கூட உள்ளே போக வேண்டாம். ஆனால் நெடுஞ்சாலையில் போகிறவர்களின் கண்ணுக்கு அந்தக் கடை தெரியாது.

நல்ல கடைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைக்கு ஒரு முறை வந்தவர் மறுமுறை வருவார் என்ற நம்பிக்கை வேண்டியதில்லை. போகிற வண்டி போய்க்கொண்டே இருக்கும், அடுத்த வண்டி வரும். ஊருக்குள் இருக்கும் கடைக்கு நேற்று வந்தவரே இன்றும் வர வேண்டும். சட்னி புளித்தால் நாளைக்கு முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அதனால் தெரியாத ஊரில் நேரம் குறைவாக இருந்தால், போர்டைப் பார்த்து நுழைவதைவிட, அங்கேயே பிழைக்கிறவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று ஒரு ஆளைக் கேட்பது நல்லது. ஆட்டோ ஸ்டாண்டு, லோடுமேன் கூட்டம், பஸ் நிலைய நேரக்காப்பாளர் அறை, பெட்ரோல் பங்கு என்று யாரிடமும் கேட்கலாம். “நல்ல ஓட்டல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் பெரிய கடையைக் காட்டுவார்கள். “நீங்க எங்க சாப்பிடுவீங்க?” என்று கேட்க வேண்டும்.

கடைக்குள் போனதும் பார்க்க வேண்டியது சூடு. அடுப்பிலிருந்து இறங்கும்போது சாப்பிட்டுவிட்டால் பெரும்பாலான தொல்லை இல்லை. ஆறின உணவில்தான் கிருமி பெருகும். 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்கும் உணவில் பெருகாது. சோற்று விஷயத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. சோறு ஆறி மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு காட்டினாலும் போகாது. காய்ப்புழுவுக்குத் தெளிக்கிற பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இதற்கு நெருங்கிய பங்காளிதான். ஒன்று புழுவைக் கவிழ்க்கிறது, இன்னொன்று ஆளைக் கவிழ்க்கிறது. மூன்று மணிக்கு ஓட்டலில் மிச்சமிருக்கும் சாப்பாட்டைவிட, அப்போது சுட்டுக் கொடுக்கும் தோசையோ ஆம்லெட்டோ பரவாயில்லை என்பது இதனால்தான். தேங்காய்ச் சட்னியை ராத்திரி நேரத்தில் தொடாமல், கொதிக்கிற சாம்பாரை ஊற்றிக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய்க்காரருக்கு அவர் வீட்டில் இப்போது மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி ஆறு கட்டிக் கொடுக்கிறார்கள். இட்லியோ புளிச்சாதமோ, சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கெட்டுவிடும். பரப்பி ஆறவைத்து, வாழை இலையில் கட்ட வேண்டும். புளியும் எண்ணெயும் சேர்வதால் புளிச்சாதம் தாங்கும். ஆனாலும் கோடையில் காலையில் கட்டியதை ராத்திரிக்குள் முடித்துவிடுவதே நல்லது.

நான்காம் லோடுக்காரருக்கு அடுத்த முறை இருபத்தைந்து நாள் கழித்து வந்தது. இந்தத் தடவை கட்டு வேலை ஒரு மணிக்கே முடிய வேண்டும் என்று விடியலில் இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டார்கள். மனைவி முன்னால் உட்கார்ந்து சோறு போட, ரசமும் மோருமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினார். ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம். வண்டியில் கொண்டுபோகத் தோலோடு வரும் வாழைப்பழத்தைவிடச் சுத்தமான பண்டம் இல்லை.

எட்டரை மணிக்கு அந்த இட்லிக்கடைக்குப் போனார்கள். பத்துப் பேர் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மொத்தமே மூன்று பண்டம்தான். இட்லி, தோசை, ஆம்லெட். விலையைச் சிலேட்டில் எழுதி மாட்டியிருந்தார்கள். துணியிலிருந்து இட்லியைப் பிரித்து எடுக்கும்போது ஆவி முகத்தில் அடித்தது. நான்கு இட்லி, ஒரு ஆம்லெட், ஒரு டீ. 60 ரூபாய். உட்கார்ந்ததிலிருந்து எழுந்தது வரை பதினைந்து நிமிடம். பழைய கடையில் நாற்பது நிமிடம் போயிருந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மார்க்கெட்டுக்கு ஒரு மணிக்கே போய்விட்டார்கள். போன தடவை முகம் கழுவத் தண்ணீர் ஊற்றிய அதே லோடுமேன், “என்ன பெரியவரே, ஒடம்பு தேவலையா?” என்று கேட்டார். அவர்தான் சொன்னார், சரக்கு இறங்கும் முன்னால் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, தூக்கம் தள்ளும், ஒரு டீயும் பன்னும் போதும், எல்லாம் முடிந்த பிறகு வாங்க, நாங்கள் சாப்பிடுகிற இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று. ராத்திரியெல்லாம் மூட்டை தூக்குகிறவருக்கு எந்த நேரத்தில் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பது தெரியாமல் இருக்குமா?

மண்டிக்காரர் பதினொன்று என்றார்.

“இருங்க, ஒரு நடை பாத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு இவர் நடந்தார். ஐந்து கடை பார்த்தார். ஒரு கடையில் பன்னிரண்டரை, ஒரு கடையில் பன்னிரண்டு, மற்றவற்றில் பத்தும் பதினொன்றும். திரும்பி வந்து அதைச் சொன்னார். மண்டிக்காரர் முணுமுணுத்துவிட்டு, தரம் பிரித்த முதல் ரகத்தைப் பன்னிரண்டரைக்கும், மீதியைப் பதினொன்றுக்கும் போட்டார். எடை முடியும்வரை தராசுப் பக்கத்திலேயே நின்றார். போன தடவை எடையில் என்ன நடந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஐந்தரை மணிக்கு லோடுமேன் கூட்டிப்போனது ஒரு தள்ளுவண்டிக் கடை. மிளகு மணக்கும் பொங்கல், ஒரு வடை. டீக்காசோடு சேர்த்து 70 ரூபாய். சென்னையில் அன்று வேறு வேலை இருந்திருந்தால் அம்மா உணவகத்திலும் சாப்பிட்டிருக்கலாம். 2013-இல் தொடங்கிய அந்த உணவகங்களில் காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை சாம்பார் சாதம் ஐந்து, தயிர்சாதம் மூன்று. ஆஸ்பத்திரிக்கென்று சென்னைக்கு வரும் கிராமத்துக் குடும்பங்களுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவோ உதவி. நேரம் தவறினால் மட்டும் கிடைக்காது.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறியதுமே கண்டக்டரிடம், “எங்கீங்க நிறுத்துவீங்க, எத்தனை நிமிஷம்?” என்று கேட்டுக்கொண்டார். மோட்டலில் பஸ் நின்றபோது இறங்கிக் கால் நீட்டி நடந்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டு பழத்தைச் சாப்பிட்டார். பன்னிரண்டரைக்குத் திருச்சி. பஸ் நிலையத்துக்குள் சாப்பிடாமல் வெளியே வந்து, ஒரு ஆட்டோக்காரரைக் கேட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு சாப்பிட்டார். 70 ரூபாய். முதல் பந்தி என்பதால் கூட்டு, பொரியல் எல்லாம் சூடாக இருந்தன. கரூர் பஸ் ஒன்று போய்விட்டது. அடுத்தது கால் மணி நேரத்தில் கிடைத்தது.

சாயங்காலம் நோட்டில் கணக்கு எழுதினார். படி 250, செலவு 200, மீதி 50. மீதியை எண்ணி வைத்தபோது, “அதையும் தின்னுட்டு வந்திருக்கலாமுங்களே” என்று சிரித்தார், அன்று கேள்வி கேட்ட அதே பங்காளி. அடுத்த லோடுக்கு முறை அவருக்கு. கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“அந்த இட்லிக்கடைக்கு எங்க திரும்போணும்னு சொன்னீங்க? டிரைவர் மாறிட்டா எனக்குத் தெரியோணுமில்லீங்க?”

இவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து வழி வரைந்து கொடுத்தார். லோடுமேன் சாப்பிடுகிற தள்ளுவண்டியையும் அதிலேயே குறித்தார்.